விலைக்கு வாங்கிய உபசாரம்

பிறந்தநாள் என்பது நம் வீடுகளில், அன்றைக்குப் பிறந்தவன் மற்றவர்களுக்கு ஏதேனும் செய்யவேண்டிய நாளாகவே நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. ஜன்ம நட்சத்திரத்தன்று எண்ணெய் தேய்த்து ஸ்நானம் செய்து, பெரியவர்களை நமஸ்கரித்து, கோயிலில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வித்து, வந்தவர்களுக்கெல்லாம் பாயசம் கொடுத்து முடித்தபின் மிச்சமிருக்கும் பொழுதில்தான் அவனுக்குத் தன் ஆயுளைப் பற்றிச் சிந்திக்க அவகாசம் கிடைக்கும். பெரும்பாலும் அதற்குள் தூக்கம் வந்துவிடும். இந்த வழக்கத்திலே ஊறிய ஒருவனை லண்டன் மாநகரின் பிக்கடிலி வீதியிலுள்ள ரிட்ஸ் ஹோட்டலுக்கு அழைத்துப்போய், கோட்டும் டையும் மாட்டி உட்காரவைத்து, "இன்றைக்கு நீங்கள் ஒன்றுமே செய்யவேண்டாம், அப்பா" என்று மகள் சொன்னால், அவன் மனத்தில் முதலில் எழுவது ஆனந்தமன்று, ஒரு தினுசான கூச்சமே.

சீசர் ரிட்ஸ் 1906-இல் திறந்த அந்த ஹோட்டலின் பாம் கோர்ட் என்னும் கூடத்தில், கண்ணாடிகளும் பொன்முலாம் பூசிய அலங்காரங்களும் சூழ, பிற்பகல் தேநீர் என்ற பெயருக்குச் சற்றும் பொருந்தாமல் முற்பகல் பதினொன்றரை மணிக்கே முதல் பந்தி தொடங்கிவிடுகிறது. ஓரம் நீக்கி விரலகலத்துக்கு நறுக்கிய வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை உண்பதில் சிரமம் ஏதுமில்லை. ஸ்கோன் என்னும் பண்டம் வந்தபோதுதான் சாஸ்திரம் குறுக்கிட்டது. அதை இரண்டாகப் பிளந்து, முதலில் ஜாமைத் தடவி அதன்மேல் கெட்டிப் பாலேட்டை வைப்பது கார்ன்வால் சம்பிரதாயம். பாலேடு கீழே, ஜாம் மேலே என்பது டெவன் சம்பிரதாயம். வடகலை தென்கலை நாமச் சண்டைக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று. நான் இரண்டு பாதியில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் தடவிச் சமரசம் கண்டேன்.

இந்தத் தேநீர் ஆதியில் வீட்டு உபசாரமாகவே இருந்தது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இரவு உணவு நேரம் பிந்திக்கொண்டே போனதால் மாலைப் பசி தாங்காத பெட்ஃபர்டு சீமாட்டி அன்னா, தேநீரும் சிற்றுண்டியும் தருவித்து, பிறகு தோழிகளையும் உடன் அழைத்துக்கொண்டாள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. ஆனால் அழைக்கப்பட்டவர்களுக்குத்தானே அங்கே இடம்? 1864-இல் ஏரேட்டட் பிரெட் கம்பெனியும், 1894-இல் இதே பிக்கடிலியில் லயன்ஸ் கம்பெனியும் தேநீர்க் கடைகள் திறந்தபோது, ஆண் துணையின்றி வெளியே வந்த ஒரு பெண், பிறர் வாய்க்கு அவல் ஆகாமல், காசு கொடுத்துக் கௌரவமாக உட்கார இடம் கிடைத்தது. வீட்டு விருந்து யாரை உள்ளே விடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், விலை அந்தக் கேள்வியையே கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து மேஜையில் ஒரு மூதாட்டி, முத்துமாலையும் நீலத் தொப்பியுமாகத் தனியே அமர்ந்திருந்தாள். அவளுக்கும் அன்றுதான் பிறந்தநாள் போலும். வால்கோட்டு அணிந்த பரிசாரகன் ஒற்றை மெழுகுவர்த்தி ஏற்றிய சிறு கேக்கைக் கொண்டுவந்து வைத்தான், பியானோக்காரர் பிறந்தநாள் மெட்டை வாசித்தார், அவளோ ஓர் அரசிக்குரிய நிதானத்துடன் இருவருக்கும் தலையசைத்துவிட்டுச் சுடரை ஊதினாள். "பாவம், தனியாக வந்திருக்கிறாள்" என்றாள் என் மகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உறவு உள்ளவர்களுக்குத்தான் கொண்டாட்டம் என்று நாம் வகுத்துவைத்திருக்கும் விதியை அந்த அம்மாள் யாரையும் கெஞ்சாமல் கடந்துவிட்டாள்.

காசுக்குக் கிடைக்கும் மரியாதை போலி என்று சொல்வது நமக்குச் சுலபமாக வருகிறது. அன்பினால் செய்யும் விருந்துக்குக் கணக்கு இல்லையா என்ன? யார் வந்தார், யார் வரவில்லை, சென்ற முறை அவர்கள் வீட்டில் நமக்கு என்ன செய்தார்கள், மொய் எவ்வளவு எழுதினார்கள் என்பனவெல்லாம் தலைமுறை தாண்டியும் தீராத பேரேடுகள். ஹோட்டல் கணக்கோ பில்லைச் செலுத்தியதும் தீர்ந்துபோகிறது. மேலும், முகம் தெரியாத ஒருவனுக்கு நாள் முழுவதும் குனிந்து பரிமாறியும் முகம் கோணாதிருப்பது ஒரு வித்தை. வித்தைக்குக் கூலி கொடுப்பதால் அது பொய்யாகிவிடும் என்றால் நாதஸ்வர வித்வானைப் பற்றியும் அப்படித்தான் சொல்லவேண்டியிருக்கும்.

இருந்தாலும் அந்த உபசாரத்துக்கு எட்டாத இடம் ஒன்று உண்டென்பதை அன்றே கண்டேன். இரண்டாவது துண்டு கேக்குக்கு நான் கை நீட்டியபோது, "போன மாதம் சர்க்கரை எவ்வளவு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா?" என்று என் மகள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், பரிசாரகனைக் கேட்டிருந்தால் மூன்றாவதும் கொண்டுவந்திருப்பான். பக்கத்து மேஜை அம்மாள், தடுப்பார் எவருமின்றி, தன் இரண்டாவது துண்டை வெட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரில் யார் கொடுத்துவைத்தவர் என்று மகளிடம் கேட்க நினைத்தேன், பில் வந்துவிட்டது.