குகையிற் பட்ட ஆயிரவர்

சைவப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரிய அன்பர்காள்!

முருகப்பெருமானுக்குரிய திருநாமங்களுள் குகன் என்பதும் ஒன்று. குகையில் வீற்றிருப்பவன் என்பது அதன் பொருள். மலைக்குகை என்று கொள்வாரும் உளர். அடியவர் நெஞ்சமாகிய குகை என்று கொள்வாரும் உளர். இவ்விரு பொருளும் ஒருங்கே விளங்கும் தலம் திருப்பரங்குன்றம். நக்கீரர் என்னும் புலவர் அம்மலைக் குகையில் அடைபட்ட வரலாற்றை நாம் ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லி வருகின்றோம். ஆயினும், சொல்லும் முறையில் அதன் உயிர்நிலை தப்பிவிடுகின்றதோ என்னும் ஐயம் எமக்குண்டு. ஆதலின், அவ்வரலாற்றை ஆசிரியர் நிலையில் நின்று ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருப்பரங்குன்றம் மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. முருகப்பெருமானுடைய ஆறு படைவீடுகளுள் முதலாவதாக எண்ணப்படுவது. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் அங்குள்ள சிவபெருமானைப் பாடியமையால், பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 14-இல் ஒன்றாகவும் விளங்குவது. அத்திருக்கோயிலின் கருவறை மலையைக் குடைந்து செய்யப்பட்ட குடைவரை. நடுவே துர்க்கையும், இருமருங்கும் முருகப்பெருமானும் விநாயகப்பெருமானும், ஒருவரையொருவர் எதிர்நோக்கிய நிலையில் சிவபெருமானும் திருமாலும் அங்கே எழுந்தருளியுள்ளனர். முருகன் திருவுருவம் மலைப்பாறையோடு ஒன்றாயிருத்தலின், திருமுழுக்கு அவர் வேலுக்கே செய்யப்படுகின்றது. கலியாண்டு 3874-இல், அஃதாவது கி.பி. 773-இல், மாறஞ்சடையன் என்னும் பாண்டியனுக்கு அதிகாரியாயிருந்த சாத்தன் கணபதி என்பான் கோயிலையும் குளத்தையும் திருத்தினான் என்றும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் செய்வித்தாள் என்றும் அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது.

அம்மலைக்கும் நம் ஈழநாட்டுக்கும் உள்ள தொடர்பு மிகத் தொன்மையானது. மலையின் மேற்புறத்துக் குகையொன்றிலே சமண முனிவர்க்கெனக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள. அவற்றின் அயலே தமிழ்-பிராமி எழுத்தில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய கல்வெட்டொன்றில், எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனுடைய பெயர் காணப்படுகின்றது. மலையுச்சியிலே இஸ்லாமியர் போற்றும் தர்காவும் உண்டு. பல சமயத்தார் கண்ணும் கருத்தும் பதிந்த மலை அது என்பதை மாணாக்கர்க்கு மறைத்தல் வேண்டா.

இனி, வழங்கிவரும் வரலாறு வருமாறு: நக்கீரர் ஒரு பொய்கைக்கரையில் மரநிழலில் இருந்து சிவபூசை செய்துகொண்டிருந்தார். அம்மரத்தினின்றும் ஓர் இலை வீழ்ந்தது. அதன் ஒரு பாதி நீரிலும் மறுபாதி நிலத்திலும் பட்டன. நீரிற் பட்ட பாதி மீனாயிற்று. நிலத்திற் பட்ட பாதி பறவையாயிற்று. மீன் பறவையை நீருக்குள் இழுத்தது; பறவை மீனைக் கரைக்கு இழுத்தது. புலவர் பூசையை மறந்து அப்புதுமையை நோக்கி இருந்துவிட்டார். பூசையில் வழுவியோரைப் பற்றிச் சென்று சிறைசெய்யும் கற்கிமுகி என்னும் பூதம் உடனே அவரை எடுத்துச் சென்று பரங்குன்றத்துக் குகையில் அடைத்தது. அங்கே முன்னரே 999 பேர் அடைபட்டிருந்தனர். ஆயிரம் பேர் நிறைந்தபின் அனைவரையும் உண்பது பூதத்தின் எண்ணம். நக்கீரர் வந்தமையால் அத்தொகை நிறைந்தது. “உம்மாலன்றோ எமக்கு இறுதி வந்தது!” என்று ஏனையோர் கதறினர். புலவர் முருகப்பெருமானை நினைந்து திருமுருகாற்றுப்படையைப் பாடினார். பெருமான் வேலினாற் குகையைப் பிளந்து, பூதத்தை அழித்து, ஆயிரவரையும் விடுவித்தருளினார்.

இவ்வரலாறு நூலில் உள்ளதோ எனின், 317 அடிகளைக் கொண்ட திருமுருகாற்றுப்படையிலே குகையும் பூதமும் கூறப்படவில்லை. பிற்காலப் புராணமும் செவிவழக்கும் தந்த செய்தி இது. சங்கப் புலவர் நக்கீரரும் பதினோராந் திருமுறையிற் காணப்படும் நக்கீரதேவநாயனாரும் ஒருவரேயோ வேறோ என்பதிலும் ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபடுவர். இதனை மேல்வகுப்பு மாணாக்கர்க்கு வெளிப்படையாகச் சொல்லலாம். சொல்வதனால் சமயத்துக்கு யாதொரு குறைவும் நேராது. பிற்காலத்தார் அந்நூலை ஓதி, அதன் பயனை நெஞ்சார உணர்ந்து, அவ்வுணர்வையே ஒரு கதையாக வடித்தனர். ஆதலின், கதை அந்நூலுக்கு இயற்றிய உரையாகும் என்று கொள்ளுதல் சாலும்.

அவ்வுரையின் முதற்பகுதி இலையாகும். நீரைச் சார்ந்த பாதி மீனாயிற்று. நிலத்தைச் சார்ந்த பாதி பறவையாயிற்று. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் சித்தாந்தத்தின் தலையாய கொள்கைகளுள் ஒன்று. பாசத்தைச் சார்ந்துழிப் பாசத்தின் தன்மையும், பதியைச் சார்ந்துழிப் பதியின் தன்மையும் பெற்று நிற்பது உயிர். இக்கொள்கையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எங்ஙனம் விளக்குவது என்று மயங்கும் ஆசிரியர்க்கு இவ்விலையினும் நல்லதோர் உவமை கிடைப்பது அரிது. இலை ஒன்றே, சார்பு இரண்டு, உருவும் இரண்டு. இரண்டும் தம்முள் இழுத்துக்கொள்ள, இரண்டுக்கும் அமைதியில்லை. பாதி மனம் உலகிலும் பாதி மனம் இறைவன்பாலும் வைத்துத் தடுமாறும் நம் நிலையும் இதுவே.

“புதுமையைப் பார்த்தது குற்றமா?” என்று பிள்ளைகள் வினவுவர். வினவுதல் நன்று. பார்த்தது குற்றமாயின் இலையைப் படைத்தவனுக்கே அக்குற்றம் சாரும். பார்ப்பவன் தன் கையிலிருந்த பணியை முற்றும் மறந்தான் என்பதே கதை கூறும் வழு. மேலும், அப்பணி அன்பினாற் செய்யப்பட்டதாயின் மறதி வந்திராது. வழக்கத்தினாற் செய்யப்பட்டமையால் ஓர் இலையே அதனைக் கலைக்க வல்லதாயிற்று. நாடோறும் மணியடித்தவுடன் எழுந்து நின்று பிள்ளைகள் ஓதும் தேவாரம் எவ்வகையைச் சார்ந்தது என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் தகும்.

இனிக் குகை. இருளும், அடைப்பும், வெளியேறும் ஆற்றல் இன்மையும் உடையது அது. ஆணவ மலத்துக்கு இருளை உவமை கூறுவது சைவ நூல் வழக்கு. வேலை ஞானசத்தி என்பதும் அவ்வழக்கே. மிஷன் பாடசாலையில் யாம் கற்ற காலத்திலே, கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ தமது ‘குடியரசு’ என்னும் நூலின் ஏழாம் பகுதியிற் கூறும் குகைக் கதையையும் கற்றோம். அங்கே மக்கள் பிறந்தது முதல் குகையிற் பிணிக்கப்பட்டு, சுவரில் விழும் நிழல்களையே மெய்யென நம்பியிருப்பர். ஒருவன் மாத்திரம் விடுபட்டு வெயிலைக் காண்பான். அவன் மீண்டுவந்து சொல்லும் உண்மையை ஏனையோர் நம்பார். அவனைக் கொல்லவும் துணிவர். கல்வியின் இயல்பைக் காட்டும் அரிய கதை அது. நம் கதையோ வேறு வகையிற் செல்கின்றது. இங்கே விடுதலை ஒருவர்க்கு முன்னும் மற்றவர்க்குப் பின்னுமாக வரவில்லை. ஆயிரவர்க்கும் ஒரே கணத்திற் குகை திறந்தது.

இதனோடு சேர்த்து உணரத்தக்கது ஒன்றுண்டு. ஆற்றுப்படை என்பது யாது? வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்றுவரும் பாணனோ கூத்தனோ, வறுமையுற்று வரும் மற்றொருவனை எதிர்ப்பட்டு, “இன்ன வழியே சென்று இன்னானைக் காண், நீயும் பெறுவாய்” என்று வழிப்படுத்துவது. வழிகாட்டுவோன் முன்னரே பெற்றவனாயிருத்தல் அதன் இலக்கணம். கதையிலே வரும் நக்கீரரோ இன்னும் பெறாதவர், குகைக்குள் அடைபட்டவர், ஏனையோரைப் போலவே பூதத்துக்கு இரையாகக் காத்திருப்பவர். அந்நிலையில் நின்றே, முருகன் உறையும் இடங்களையும் அவனை அடையும் நெறியையும் பிறர்க்குரைக்கும் பாட்டைப் பாடினார். வாதிற் சிறந்த நாவுக்கு அங்கே எதிர்வாதம் செய்வார் ஒருவரும் இலர். பழி கூறிய 999 பேரோடும் அவர் வாதிடவில்லை. தாம் கற்ற கல்வி முழுவதையும் வழிகாட்டுதலாக மாற்றினார்.

ஆசிரியர்களாகிய நமக்கு இக்கதை தரும் ஆறுதலும் ஆணையும் இதுவே. “யாம் ஞானியரல்லேம், மலமற்றேமல்லேம், சமயம் கற்பிக்க எமக்குத் தகுதியுண்டோ?” என்று நம்மிற் பலர் உள்ளூர நாணுகின்றனர். வேறு சிலர் அந்நாணத்தையே சாக்காகக் கொண்டு, சைவநெறிப் பாடத்தைக் குறிப்பெழுதுவித்துக் கழித்து விடுகின்றனர். நக்கீரரும் குகைக்குள்ளிருந்தே வழிகாட்டினார். விடுபட்டபின் கற்பிப்போம் என்று அவர் காத்திருந்திருப்பாராயின் ஆயிரவரும் மாண்டிருப்பர். பிள்ளைகளோடு ஒரே இருளிலிருந்து, ஒரே திசையை நோக்கி, அவர்கள் கேட்கும்படி பாடுவதே நம் தொழில்.

ஆணை யாதெனின், அந்த 999 பேரை மறவாமை. குருபூசைத் தினத்துப் பேச்சுப் போட்டிக்கும் பண்ணிசைப் போட்டிக்கும் வகுப்பிற் சிறந்த ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்துப் பல நாள் பயிற்றுகின்றோம். அப்பிள்ளை பரிசு பெறுகின்றது. பாடசாலைக்குப் பெயர் வருகின்றது. பின்வரிசையிலிருக்கும் பிள்ளை திருமுருகாற்றுப்படை என்னும் பெயரைப் பரீட்சைக்காக மாத்திரம் மனனஞ் செய்து, சாதாரண தரம் எழுதியவுடன் மறந்துவிடுகின்றது. ஒருவன் வெளியேற ஏனையோர் குகையிலே கிடப்பது நம் கதைக்கு ஒவ்வாத முடிவு. நம் பிள்ளைகள் பிற சமயம் புகுகின்றனர் என்று வருந்தும் அன்பர்க்கு ஒன்று கூறுவாம். மிஷன் ஆசிரியர்களிற் பலர் பின்வரிசைப் பிள்ளையின் பெயரையும் வீட்டையும் அறிந்திருந்தனர். நாவலர் பெருமான் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்குமுன், மிஷன் பாடசாலையிற் கற்றும் கற்பித்தும் வந்தவர். அங்குக் கண்ட நன்முறைகளைச் சைவத்துக்கு ஆக்கிக்கொள்ள அவர் நாணினாரல்லர்.

இக்கருத்து யாம் வாழும் பல்லேபொலப் பகுதிக்கு மிகவும் வேண்டப்படுவது. மாத்தளை மாவட்டம் குகைகளுக்குப் பெயர்பெற்றது. வடக்கே தம்புள்ளைக் குகைக்கோயில் உளது. தெற்கே மாத்தளை நகருக்கு அணித்தாக அலுவிகாரை உளது. கி.மு. முதலாம் நூற்றாண்டிலே வாய்மொழியாக வந்த பௌத்தத் திரிபிடகம் அக்குகைகளிலேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. கேட்டுவந்த கல்வி அழிந்துவிடுமோ என்றஞ்சிய ஆசிரியர் செய்த அருஞ்செயல் அது. இப்பகுதிக்கு அணித்தாய்ச் செல்லும் வடபெருவழியிலே, கோப்பிப் பயிர்க்காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தனர். காட்டுவழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி முதலிய சீமைகளிலிருந்து வந்த அம்மக்கள், ஏடொன்றும் கொண்டுவராவிடினும் முருகன் பெயரை நெஞ்சிலே கொண்டுவந்தனர். அவர் வழித்தோன்றல்களே இன்று நம் வகுப்பிலிருக்கும் பிள்ளைகள். அப்பெயருக்குரிய பொருளை அவர்கட்குத் திரும்பக் கொடுப்பது நம் கடன்.

கற்பிக்கும் முறைக்கு யாம் கூறத்தக்கது சிறிதே. முதல்நாள் கதையை முழுமையாக, நீதி ஒன்றும் ஒட்டாது, சுவைபடச் சொல்லுக. இரண்டாம் நாள் பிள்ளைகள் வினவ விடுக. இலையைப் பற்றியும் 999 பேரைப் பற்றியும் வினா எழும். மூன்றாம் நாள் நூலிற் கூறப்பட்ட ஆறு பகுதிகளாகிய திருப்பரங்குன்றம், திருச்சீரலைவாய், திருவாவினன்குடி, திருவேரகம், குன்றுதோறாடல், பழமுதிர்சோலை என்பவற்றை விளக்குக. பகுதிக்கு ஒரு குழுவாகப் பிரித்து, வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சொல்லேனும் பேசும்படி செய்க. ஒரு பிள்ளையும் எஞ்சுதல் கூடாது.

அவற்றுள் ஐந்தாவதாகிய குன்றுதோறாடலை அழுத்திக் கூறுக. அது தனியொரு தலத்தின் பெயராக அமையவில்லை. குன்று எங்குண்டோ அங்கெல்லாம் பெருமான் விளையாடுகின்றான் என்பது கருத்து. மதுரைக்கு யாத்திரை செய்யப் பொருளில்லாத தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும், தன் வீட்டு வாயிலில் நின்று மாத்தளை மலைத்தொடரை நோக்கினால், படைவீடொன்றைக் கண்டதாகும். அம்மலையை அப்பிள்ளைக்குக் காட்டுதல் வேண்டும். காட்டும் கை ஆசிரியருடைய கை.

குகனாகிய பெருமான் நம் நெஞ்சக் குகையையும் நம் மாணாக்கர் நெஞ்சக் குகையையும் தன் ஞானவேலால் ஒருங்கே திறந்தருளுவானாக.

மேன்மைகொள் சைவம் ஓங்குக. சுபம்.