ஓர் அங்குலம்

அந்தப் பெரியவர் தட்டை ஓர் அங்குலம் தள்ளி வைத்தார். நடந்தது அவ்வளவுதான்.

ரோம் நகரத்தில் டெஸ்டாச்சோ பகுதி. கொலோசியத்தைச் சுற்றும் கூட்டம் அவ்வளவாக எட்டிப்பார்க்காத ஒரு தெருவில் சின்னச் சாப்பாட்டுக்கடை. தனியாக வந்தவர் சுவரோர மேசையில் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் மெனு அட்டையை நீட்டவில்லை, என்ன வேண்டும் என்றும் கேட்கவில்லை. அன்று வியாழக்கிழமை, தக்காளிக் குழம்பில் புரட்டிய ந்யோக்கி என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டைகள் வந்தன. வியாழனுக்கு ந்யோக்கி, வெள்ளிக்கு மீன், சனிக்கு மாட்டிரைப்பை என்பது ரோமில் பழைய வழக்கம். அந்தக் காலத்தில் வெள்ளி கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடாத நாள் என்பதால் முந்தின நாளே வயிற்றைக் கனமாக நிரப்பிக்கொண்டார்களாம். பெரியவர் முகத்தைச் சுளித்தார், தட்டைத் தள்ளினார். பிறகு தானே இழுத்துக்கொண்டு, ரொட்டியால் குழம்பை வழித்து ஒரு பொட்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

அந்தத் தள்ளலுக்கு என்ன அர்த்தம்? 'என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்பதா? இல்லை, ஒவ்வொரு வியாழனும் நடக்கும் செல்லச் சிணுங்கலா?

எங்கள் வீட்டிலும் பாட்டி கேட்டுப் பரிமாறியதில்லை. ஒருநாள் தாத்தா, "இன்னிக்கு ரசம் வேண்டாம்" என்றார். பாட்டி கரண்டியை அப்படியே பாத்திரத்தில் போட்டாள். மறுநாளிலிருந்து காலையில் காப்பியோடு, "என்ன சமைக்கட்டும்?" என்று கேட்கத் தொடங்கினாள். அதைவிடப் பெரிய தண்டனை தாத்தாவுக்குக் கிடைத்ததில்லை. "ஏதோ பண்ணு" என்பார், விடமாட்டாள். கடைசியில் அவராகவே ரசம் கேட்டார்.

சாப்பாட்டில் விருப்பம் கேட்பதே வசதி வந்த பிறகு வந்த பழக்கமோ என்றும் தோன்றுகிறது. டெஸ்டாச்சோவில் 1975 வரை பெரிய கசாப்புக்கூடம் இருந்தது. நல்ல கறி பணக்கார வீடுகளுக்குப் போகும். தொழிலாளிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியாக வாலும் குடலும் ஈரலும் கிடைக்கும். எது வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த வாலைத் தக்காளியும் செலரித் தண்டும் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்ததுதான் இன்று ரோமின் பெருமையாகப் பேசப்படும் கோடா அல்லா வச்சினாரா. எல்சா மொரான்டேயின் 'லா ஸ்டோரியா' நாவலில் வரும் போர்க்காலப் பசியும் இந்த நகரத்தின் தெருக்களில்தான். படித்து வெகுநாளாயிற்று, குழந்தைக்காக உணவைத் திருடும் தாய் மட்டும் மனதில் நிற்கிறாள். அவளிடம் போய் விருப்பத்தைப் பற்றிப் பேசமுடியுமா?

ஆனால் இந்த வாதமும் முழுசாக ஒட்டவில்லை. அந்தப் பெரியவர் பசியில் வந்தவர் அல்ல. கேட்டிருந்தால் வேறெதையாவது சொல்லியிருக்கலாம், ந்யோக்கியையே சொல்லியிருக்கவும் கூடும். நம்மை ஒருவர் முழுதாகத் தெரிந்துவைத்திருப்பது சுகம்தான். ஆனால் நேற்றைய நம்மை மட்டுமே தெரிந்துவைத்திருந்தால்? அதையும் பொறுத்துக்கொள்ள ஓர் அங்குலம் போதுமோ என்னவோ. பக்கத்து மேசையில் நானோ மெனு அட்டையைப் புரட்டிப் புரட்டி, எதைக் கேட்பதென்று தெரியாமல், அவர் தட்டில் இருந்ததையே கைகாட்டினேன். அவர்மேல் பட்ட பொறாமையாலா, பரிதாபத்தாலா என்று இதுவரை சொல்லத் தெரியவில்லை.