பிரிவாற்றாமையும் திருநறையூர் நம்பியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் தர்மபத்நி ஆசார்யன் திருவடி சேர்ந்து, வருகிற ஆவணியோடு இரண்டு ஸம்வத்ஸரங்கள் நிறைகின்றன. இவ்விதழில் இதுகாறும் பாசுரப் பொருளையே விண்ணப்பித்து வந்தோம். அகத்துக் கதையைச் சொன்னதில்லை. இம்முறை சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு ஜப்பானிய அனிமே தொடரை முன்னிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பலர், “பரமபதம் அடைந்தவளுக்காக அழலாமோ? நித்யஸூரிகளோடு கூடியிருப்பவளுக்கு என்ன குறை?” என்று கேட்டார்கள். அதில் பிழையொன்றும் இல்லை. அவளுக்குக் குறையில்லை என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் நாம் அழுதது அவளுக்கு நேர்ந்ததை எண்ணியன்று. தவிரவும், நம் பூர்வாசார்யர்கள் அழாதவர்களா? ஆளவந்தாரை ஸேவிக்கப் பெரிய நம்பியோடு புறப்பட்டு வந்த இளையாழ்வார், காவிரிக் கரையில் அவருடைய சரம திருமேனியைத்தான் ஸேவிக்க நேர்ந்தது. அன்று அவர் பெரிய பெருமாளையும் ஸேவியாமல், அவனிடத்திலேயே கோபித்துக்கொண்டு காஞ்சிக்குத் திரும்பினார் என்று குருபரம்பரை கூறுகிறது. ஒருமுறை கூடியிருந்து குளிர வாய்க்கவில்லையே என்ற தாபம் அது. ஸ்வரூப ஞானம் இல்லாதவரிடத்தில் உண்டான தாபம் என்று யார் சொல்லக்கூடும்?

ஆப்திகம் கழிந்த பின் கல்லூரி விடுமுறைக்கு நம் பேத்தி வந்து தங்கினாள். நாம் இரவில் உறங்காமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, “தாத்தா, சும்மா உட்கார்ந்திருக்கறதுக்கு இதைப் பாருங்கோ. இது சண்டைக் கதை இல்லை, சண்டை முடிஞ்சதுக்கு அப்புறம் நடக்கற கதை” என்று ஒரு தொடரைப் போட்டாள். பொம்மைப் படம் பார்க்கிற வயதா என்று முதலில் முகம் சுளித்தோம். தொடரின் பெயர் ஃப்ரீரென். கானேஹிதோ யமாதா எழுத, த்ஸுகாஸா ஆபே சித்திரம் வரைய, 2020 முதல் ஜப்பானில் வெளிவரும் படக்கதை அது. 2023இல் மாட்ஹவுஸ் என்னும் நிறுவனம் அதைத் திரைத்தொடராக்கியது. முதற்பருவம் 28 பகுதிகள்.

ஃப்ரீரென் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழும் இனத்தவள். நீண்ட காதுகள், சலனமற்ற முகம். ஹிம்மெல் என்ற வீரனோடும் வேறு இருவரோடும் பத்து ஆண்டுகள் நடந்து அசுரர் தலைவனை வென்று திரும்புகிறாள். அவள் கணக்கில் பத்து ஆண்டு ஒரு பொழுது. ‘ஐம்பது ஆண்டு கழித்து விண்கல் மழையை இன்னும் நன்றாகத் தெரியும் இடத்திலிருந்து காட்டுகிறேன்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். சொன்னபடியே வருகிறாள், ஹிம்மெல் தலை வழுக்கையாகி, உடல் குறுகி, கிழவனாக நிற்கிறான். விண்கற்களைச் சேர்ந்து பார்க்கிறார்கள். பின்னர் அவன் இறந்துபோகிறான். அடக்கத்தின்போது கலங்காமல் நிற்பவளைக் கூட்டத்தில் சிலர் பழிக்கிறார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது: இவனோடு பத்து ஆண்டு நடந்தேன், இவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மனிதர் ஆயுள் சிறிது என்று தெரிந்திருந்தும் ஏன் தெரிந்துகொள்ள முயலவில்லை? அங்கே கண்ணீர் வடிக்கிறாள்.

பேத்தியைத் தொடரை நிறுத்தச் சொன்னோம். தண்ணீர் வேண்டும் என்றோம்.

37 ஆண்டு தாம்பத்யம். வங்கி உத்தியோகம்; மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல். அவளுக்கு என்ன சமைக்கத் தெரியும், எந்த மருந்து ஒவ்வாது, எந்தச் சேமிப்பு எப்போது முதிர்வடையும் என்பதெல்லாம் அறிவோம். பெருமாள் ஸந்நிதியில் கண்மூடி நின்றபோது அவள் என்ன கேட்டாள் என்பதை ஒருநாளும் வினவியதில்லை. வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகைகளை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதில் போட்டு வைப்போம். அவள் சொன்னவற்றில் பெரும்பகுதியை அப்படித்தான் போட்டு வைத்திருந்தோம்.

எம்பெருமானை அறியாத தேசத்தில் எழுதப்பட்ட கதையைக் கொண்டு நம் துயரை ஆற்றிக்கொள்வதா என்ற தயக்கம் உண்டாகாமல் இல்லை. அப்போது திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முதல் பதிகம் நினைவுக்கு வந்தது. ஆழ்வார் அங்கே நாயகி நிலையில், இரவெல்லாம் உறங்காமல், கண்ணில் பட்டவற்றையெல்லாம் தம்மைப்போலப் பிரிவால் நோவுபடுபவையாகக் கண்டு வினவுகிறார். நாரை, அன்றில், கடல், வாடைக்காற்று, மேகம், சந்திரன், இருள், கழி, கடைசியில் எரிகின்ற விளக்கு. நாரை உறங்காதது இரைக்காக என்று நமக்குத் தெரியும். ஆழ்வாருக்கும் தெரியாமல் இல்லை. ஆயினும் ஆற்றாமை கண்டவிடமெல்லாம் துணை தேடும். ஆழ்வாருக்கு நாரை துணையானால், இந்த எளியவர்களுக்கு நீண்ட காதுடைய ஒருத்தி துணையாகக் கூடாதோ? அந்தத் திரையின் வெளிச்சமும் அன்றிரவு நமக்கு விளக்குப் போலத்தான் எரிந்துகொண்டிருந்தது.

தொடரில் இன்னொன்று. ஹிம்மெல் போகும் ஊர்தோறும் தன் சிலையை வைக்கச் செய்வான். பார்த்தால் தற்பெருமை போலத் தோன்றும். தாங்கள் எல்லோரும் போன பின்பும் நெடுங்காலம் இருக்கப்போகிற ஃப்ரீரென் தனித்துப் போகக் கூடாது என்பதே காரணம் என்று பிறகு தெரிகிறது. இதைக் கேட்டவுடன் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் அருளியது நெஞ்சில் ஓடிற்று. எம்பெருமானுடைய அந்தர்யாமித்வம் தாகித்தவனுக்குப் பூமிக்கு அடியிலுள்ள நீர் போல. பரத்வம் அண்டத்துக்கு வெளியே உள்ள ஆவரண ஜலம் போல. வ்யூஹம் பாற்கடல் போல. அவதாரங்கள் பெருகிப் போய்விட்ட ஆறு போல. அந்த ஆறு விட்டுச் சென்ற மடுக்களே அர்ச்சாவதாரம். ஆறு ஓடியபோது கரையில் இல்லாமற் போனவர்களுக்காக மடு காத்திருக்கிறது.

மனிதச் சிலையை அர்ச்சைக்கு ஒப்பிட்டதாக ஒருவரும் கொள்ளற்க. சிலை நினைவூட்டும், அவ்வளவே. கோயிலில் நிற்பவனோ தானே நம்மை நினைப்பவன். நாம் அறிந்துகொள்ளாமல் விட்ட ஒருத்தியை அவன் அறிந்திருக்கிறான். அவள் கண்மூடிக் கேட்டதை அவன் கண்விழித்துக் கேட்டான். இந்த ஒன்று தோன்றிய பிறகே நமக்குச் சற்று மூச்சு வந்தது.

சில நாட்களில் அவளுடைய திவ்யப்ரபந்தப் புத்தகத்தை எடுத்தோம். பெரிய திருமொழியின் ஆறாம் பத்தில், திருநறையூர்ப் பதிகம் உள்ள பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் நான்கு எண்கள்: 4, 8, 16, 32. பால் கணக்கு என்றே முதலில் எண்ணினோம். வணிகவியல் படித்தவன் புத்தி வேறெங்கே போகும்! பிறகுதான் விளங்கிற்று.

1991 முதல் மூன்றாண்டுகள் கும்பகோணத்தில் இருந்தோம். திருநறையூர், அதாவது நாச்சியார்கோயில், பேருந்தில் சிறிது தூரமே. அங்கே மார்கழியிலும் பங்குனியிலும் கல்கருட ஸேவை. பெருமாளை ஏளப்பண்ணிக்கொண்டு ஸந்நிதியிலிருந்து கல்கருடன் புறப்படும்போது நால்வர் சுமப்பர். வெளியே வரவரக் கனம் ஏறி எண்மர், பதினாறு பேர், முப்பத்திரண்டு பேர் என்று பெருகும். திரும்புகையில் அவ்வாறே குறையும். பங்குனி தோறும் அவள், “இந்த வருஷமாவது சேர்ந்து போய் ஸேவிக்கலாமா?” என்று கேட்பாள். மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கு முடிப்பு என்போம். மார்கழியிலாவது போயிருக்கலாம், அப்போது என்ன காரணம் சொன்னோம் என்பது நினைவில்கூட இல்லை. அண்டை அகத்துப் பெண்களோடு போய்வந்து அவள் வர்ணித்ததை, பேரேட்டிலிருந்து தலை எடுக்காமல் ‘ம்’ கொட்டிக் கேட்டோம்.

ஃப்ரீரென், ஹிம்மெல் எப்போதோ சொன்ன ஒரு நீலப் பூவை, அழிந்துபோயிற்று என்று ஊரார் சொல்லியும் தேடிக் கண்டு அவன் சிலையடியில் வைக்கிறாள். நாம் தேட வேண்டிய இடமோ பேருந்து போகும் இடம்.

இவ்வாண்டு பங்குனியில் பேத்தியை அழைத்துக்கொண்டு போனோம். திருமங்கையாழ்வாருக்குத் திருவிலச்சினை அருளிய நம்பி அவன். ஆழ்வாரை அவனிடத்தில் போகச் செய்தது குமுதவல்லி நாச்சியார் விதித்த நிபந்தனை. இந்தத் திவ்யதேசத்தில் பிராட்டிக்கே முதன்மை; வஞ்சுளவல்லித் தாயார் அன்ன வாகனத்தில் முன்னே எழுந்தருள்வாள். அன்னத்தின் நடை மெல்லியது; அவளை முந்தாமல் பின்தொடர வேண்டியே கருடன் கனம் கூடுகிறான் என்று பெரியோர் சொல்வர். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, கைகூப்பக்கூட இடமின்றி நின்று ஸேவித்தோம். ‘நம்பீ, இங்கே ஒருத்தி வந்து நின்றாளே, அவள் கேட்டதை நாங்கள் கேட்டறியவில்லை. அவள் கேட்டது எதுவோ அதையே எங்களுக்கும் தந்தருள வேணும்’ என்று மட்டும் விண்ணப்பித்தோம். வேறொன்றும் வாயில் வரவில்லை.

பேத்தி, “பாட்டி எந்தப் பக்கம் நின்னிருப்பா, தாத்தா?” என்று கேட்டாள்.

தெரியாது என்றோம். நம்பிக்குத் தெரியும் என்றோம்.

அவள் சுமப்பவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஊர்வலம் திரும்பி, முப்பத்திரண்டு பதினாறாகி, பதினாறு எட்டாகி, ஸந்நிதிக்குள் நால்வர் தோளில் கருடன் எழுந்தருளும் வரையில் நாங்கள் அகலவில்லை.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்