கெட்டிக்காரப் பிள்ளையின் கடன்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளியாகிச் சில நாட்களுக்குள் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பத்து வயதுப் பிள்ளைகளின் படங்கள் மதில்களில் ஏறிவிடுகின்றன. படத்தின் கீழே பெயர், பாடசாலை, 200க்கு எடுத்த புள்ளி. பரீட்சையின் முதல் வினாத்தாள் நுண்ணறிவைப் பார்ப்பதற்கென்றே அமைந்தது. ஊரும் அந்தப் புள்ளியை அப்படித்தான் வாசிக்கிறது: இது கெட்டிக்காரப் பிள்ளை. அன்றிலிருந்து சாதாரணமாக இருக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கு இல்லை. உயர்தரத்தில் இசட் புள்ளி சற்றுக் குறைந்தால்கூட, ‘அப்ப எப்படி இருந்த பிள்ளை’ என்ற பேச்சு எழும்.

மூளை கூடியவர்களுக்கு நிம்மதி குறைவு என்று நம் பேச்சில் ஒரு நம்பிக்கை ஓடுகிறது. அதை உரைத்துப் பார்க்க ஒரு நீண்ட ஆய்வு இருக்கிறது. 1921இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டேர்மன், கலிபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனையில் மிக உயர்ந்து நின்ற சுமார் 1,500 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார். 1956இல் அவர் இறந்த பின்பும் பிறர் அந்த ஆய்வைத் தொடர்ந்து, அவர்களுடைய முதுமை வரை விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். அறிவு அவர்களை வாட்டவில்லை. பெரும்பாலானோர் நலமாகவே வாழ்ந்தார்கள். வாழ்வில் எது நிறைவு தந்தது என்று அறுபது வயதைத் தாண்டிய ஆண்களிடம் கேட்டபோது, தொழிலில் உயர்ந்து நின்றவர்களும் குடும்ப வாழ்வையே முன்னால் வைத்தார்கள். ஆனால் 1999இல் வெளியான ஒரு முடிவைப் பெற்றோர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். தாம் அந்தப் பட்டியலில் இருப்பதை இளவயதிலேயே தெரிந்துகொண்டவர்களில், எண்பதை எட்டியபோது ‘என் திறமைக்கேற்ப வாழ்ந்தேன்’ என்று நினைத்தவர்கள் குறைவு. மனநலமும் அவர்களுக்குக் குறைந்தே இருந்தது. சிறுவயதில் சூட்டப்பட்ட ஒரு பெயர் எழுபது ஆண்டுகள் உள்ளே கிடந்து கணக்குக் கேட்டிருக்கிறது.

அறிவு வேறு, அறிவாளி என்ற பெயர் வேறு. விடாமல் கேள்வி கேட்கும் பிள்ளைக்கு விடை பிடிபடும் கணத்தில் அதன் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அறிவே ஒரு சுகம் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுமையாவது பெயர்தான்.

அந்தப் பெயரை இத்தனை அவசரமாகச் சூட்டுவதற்குக் கொழும்புத் தமிழரிடம் கனமான காரணம் உண்டு. 1971இல் மருத்துவ பீடத்துக்குள் நுழையத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. சிங்கள மொழிமூலத்தவருக்கு 229 போதும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் இதே வெள்ளவத்தையில் தமிழர் வீடுகள் எரிந்தன. வீடும் கடையும் நகையும் போன பிறகு எஞ்சியது தலைக்குள் இருந்தது மட்டுமே. லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ கையோடு கொண்டுபோக முடிந்த ஆதனமும் அதுதான். அந்தத் தலைமுறை பிள்ளையின் மூளையைக் குடும்பச் சொத்தாக எண்ணியதைக் குறைசொல்ல மனம் வராது. கொட்டாஞ்சேனைப் பக்கம் துறைமுகத்திலோ செட்டியார் தெருக் கடையிலோ நாட்கூலிக்கு நிற்கும் தகப்பனுக்கு, புலமைப்பரிசில் பணமும் நல்ல பாடசாலையில் ஓர் இடமும் பெரிய கைகொடுப்பு. பரீட்சையைத் தூக்கியெறியுங்கள் என்று சொல்வது வசதியுள்ளவர்களுக்கு எளிது.

ஆனாலும் காரணம் விளங்குகிறது என்பதற்காகச் செய்வது நியாயமாகிவிடாது. ஒரு குடும்பத்தின் பழைய அச்சத்தைச் சுமக்கும் வேலையைப் பத்து வயதுத் தோளில் ஏற்றக் கூடாது. 2024இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்தப் பரீட்சையை எழுதினார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 16 வீதம். மற்றப் பிள்ளைகளுக்கும் அன்றே ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. அதை யாரும் மதிலில் ஒட்டுவதில்லை, வீட்டுக்குள்ளேயே சொல்லிவிடுகிறார்கள்.

கெட்டிக்காரருக்குச் சமூகத்திடம் கடன் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவரின் உழைப்பிலும் நடந்தது. அதில் படித்து எழுந்தவர் திருப்பிக் கொடுக்க வேண்டியவரே. ஆனால் வளர்ந்த ஒருவர்தான் இந்தக் கடனைத் தாமே உணர்ந்து, தாமே தெரிந்தெடுத்த வழியில் அடைக்க முடியும். தம் வழியைத் தாமே தெரிந்தெடுத்த ஒருவர் மயில்வாகனம். காரைதீவில் 1892இல் பிறந்த அவர் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார், லண்டன் பீ.எஸ்சி. முடித்து மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். ஊர்க் கணக்கில் அது மேலே மேலே போகும் ஏணி. 1922இல் அவர் அதிலிருந்து இறங்கிச் சென்னை இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். படித்த படிப்பெல்லாம் வீண் என்று யாரேனும் அன்று சொல்லியிருக்கக் கூடும். விபுலாநந்த அடிகளாகத் திரும்பி வந்தவர் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணக்கிட்டது அந்த விஞ்ஞான மூளைதான். 1947 ஜூனில் அந்த ஆய்வைக் கொண்ட அவருடைய ‘யாழ் நூல்’ அரங்கேறியது; அடுத்த மாதம் அவர் கொழும்பில் காலமானார். இந்தப் பாதையைப் பத்து வயதில் எவர் வரைந்து கொடுத்திருக்க முடியும்?

பிள்ளையின் முகத்தை விளம்பரமாக்கக் கேட்கும் ரியூஷன் நிலையத்துக்கு மாட்டேன் என்று சொல்ல எந்தச் சட்டமும் தேவையில்லை. பெற்றோர் இருவரின் ஒப்புதல் போதும். புள்ளி கூடினாலும் குறைந்தாலும் அன்றைய இராச்சாப்பாடு ஒன்றாகவே இருக்கட்டும். எத்தனை புள்ளி என்று கேட்டு வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வந்தால், பிள்ளை நித்திரை என்று சொல்லி வைத்துவிடுங்கள்.