ஜும்ஆ உரை: வேலை முடிந்த பிறகும் கட்டிப்போடும் நிபந்தனை

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

சென்ற வாரம் மஃரிபுக்குப் பிறகு நம் மஹல்லா வாலிபர் ஒருவர் ஒரு தாளோடு வந்தார். சென்னையில் ஓர் ஏஜென்சி மூலமாக ஃப்ரீலான்ஸாக வீடியோ எடிட்டிங் செய்து வந்தவர். மாதச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, முடித்துக் கொடுக்கும் வீடியோவுக்குத்தான் காசு. ஒரு வருட ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இப்போது வேறொரு கம்பெனி வேலை தருகிறது. பழைய ஏஜென்சியோ, “ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடம் இந்தத் தொழிலில் வேறு யாருக்கும் வேலை செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், கேஸ் போடுவோம்” என்று மிரட்டுகிறது. கடைசி இரண்டு மாத பில்லையும் நிறுத்தி வைத்திருக்கிறது.

அவர் என்னிடம் கேட்டது கோர்ட்டைப் பற்றி அல்ல. “ஹஜ்ரத், வாக்குக் கொடுத்துவிட்டேன். மீறினால் என் சம்பாத்தியம் ஹராமாகிவிடுமா?” என்றார்.

இந்தப் பயம் நல்ல பயம். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. ஆனால் எழுதியதெல்லாம் நிபந்தனை ஆகிவிடாது. பரீரா (ரலி) அவர்களை ஆயிஷா (ரலி) அவர்கள் வாங்கி விடுதலை செய்ய முன்வந்தபோது, விற்றவர்கள் தங்களுக்கு உரிமையில்லாத ஒன்றை நிபந்தனையாகப் போட்டார்கள். அல்லாஹ்வின் வேதத்தில் இடமில்லாத நிபந்தனை, நூறு இருந்தாலும் செல்லாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மக்கள் முன் எழுந்து நின்று கண்டித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது.

ஃபிக்ஹ் நூல்களில் கூலிக்கு வேலை செய்பவரை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒருவர் அஜீர் காஸ்: தம் நேரத்தையே ஒரு முதலாளிக்குக் கொடுத்தவர். அந்த நேரத்தில் வேறு வேலை செய்தால் அது தவறு. இன்னொருவர் அஜீர் முஷ்தரக்: தையல்காரர், சலவைக்காரர் போன்றவர். அவர் பலருக்கும் வேலை செய்வார், கூலி வேலைக்குத்தான். ஃப்ரீலான்ஸர் இந்த இரண்டாவது வகை. உங்கள் சட்டையைத் தைத்துக் கொடுத்த டெய்லரிடம், “இரண்டு வருடம் வேறு யாருக்கும் தைக்கக் கூடாது” என்று சொல்வீர்களா? சொன்னால், அந்த இரண்டு வருடமும் அவர் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு?

நம் நாட்டுச் சட்டமும் இங்கே தெளிவாக இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. தொழிலின் நற்பெயரோடு கடையை விற்றவர், பக்கத்திலேயே அதே கடையைத் திறக்கக் கூடாது என்று நியாயமான எல்லையோடு எழுதிக்கொள்வது மட்டும் விதிவிலக்கு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கு பலருக்கு நினைவிருக்கலாம். அவருடைய விளம்பர வேலைகளைக் கவனித்த ஏஜென்சியோடு மூன்று வருட ஒப்பந்தம். அது முடிந்த பிறகும், வேறு யாரிடம் போவதானாலும் முதலில் எங்களிடம் வர வேண்டும் என்றொரு ஷரத்து. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு அது செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவு பெரிய வீரருக்கே செல்லாதது, நம் தம்பிக்கு எப்படிச் செல்லும்?

ஆனால் வாலிபர்களே, இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு எழுந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் போடும் கட்டுப்பாட்டைக் கோர்ட்டும் ஏற்கிறது. இடையில் ஏஜென்சியின் கஸ்டமரை ரகசியமாகப் பிடித்து, “அவர்களை விடக் குறைத்துச் செய்து தருகிறேன்” என்பது கியானத். கஸ்டமர் லிஸ்ட், ரேட் விவரம், பாஸ்வேர்டு எல்லாம் உங்களிடம் இருக்கும் அமானத். ஒப்பந்தம் முடிந்தாலும் அமானத் முடியாது. உங்கள் கைத்திறமை உங்களுடையது. அவர்களுடைய ஃபைல் உங்களுடையதல்ல.

ஏஜென்சி நடத்தும் சகோதரர்களும் இங்கே இருக்கிறீர்கள். செல்லாது என்று உங்கள் வக்கீலே சொன்ன ஷரத்தை, பையன் பயப்படட்டும் என்று தாளில் வைத்திருக்கிறீர்கள். அவனுக்கு வக்கீல் வைக்கக் காசில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். இதை வியாபாரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸியை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! இந்தத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவன் அருளைத் தேடச் சொல்கிறது ஜுமுஆ அத்தியாயம். அல்லாஹ் திறந்துவிட்ட கதவுக்குப் பூட்டுப் போட நாம் யார்?

அந்தத் தம்பியிடம் சொன்னேன்: “புது வேலையை பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள், தம்பி. அதற்கு முன் அவர்களுடைய பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.” ஏஜென்சியின் ஹார்ட் டிஸ்க் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. திங்கட்கிழமை கொண்டுபோய் ஒப்படைத்து, ரசீது வாங்கி வந்துவிட்டார். பில் பணம் இன்னும் வரவில்லை. துஆச் செய்யுங்கள்.