எத்தனை கோடு?

என் தங்கை இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் குடித்தனம் நடத்துகிறாள். அவள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஒரு நாள் என் மருமான் என் கையில் ஒரு தூரிகையைக் கொடுத்து, எதிரே ஒரு போர் விமானத்தையும் வைத்துவிட்டான். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் விமானம். எந்தத் தேசத்து ராணுவத்திலும் இல்லாத, எதிர்காலத்துக் கற்பனை விமானம். மேஜைமேல் படைகளை நிறுத்தி, அங்குலம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடுகிற யுத்த விளையாட்டுக்கு உரியது. அந்த ஊரில் இது அதிசயமல்ல. 1987இல் வெளிவந்த 'வார்ஹாமர் 40,000' என்ற விளையாட்டின் கம்பெனிக்கு அதுதான் தலைமையிடம். அதில் வரும் காலம் நாற்பத்தோராவது ஆயிரத்தாண்டு. அப்போதும் மனிதன் சண்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறான்!

முதலில் கறுப்பு அடிப்பூச்சு. அதன்மேல் சாம்பல் நிறம், மெல்லிசாக இரண்டு தடவை. கெட்டியாகப் பூசினால் தகடுகளுக்கு இடையே உள்ள மயிரிழைக் கோடுகள் மூடிப்போகும். பிறகு தண்ணீராய்க் கரைத்த கறுப்பை ஓடவிட்டால், அது தானாகவே அந்தக் கோடுகளில் தங்கி நிழலாகிவிடுகிறது. வண்ணத்தை முக்காலே அரைக்கால் துடைத்துவிட்ட தூரிகையால் மேடுகளை மட்டும் வருடினால் விளிம்புகள் வெளுத்து எடுப்பாகத் தெரியும்.

எனக்குப் பரமானந்தமாக இருந்தது அடுத்த கட்டம்தான்; புது விமானத்தைப் பழசாக்குவது. பிய்த்த ஸ்பாஞ்சுத் துண்டை வெள்ளி வண்ணத்தில் தொட்டு, காகிதத்தில் ஒற்றிவிட்டு, இறக்கையின் முன்விளிம்பில் தட்டினேன். பெயிண்ட் உதிர்ந்து உலோகம் பல்லை இளித்தது. பீரங்கி வாயில் புகைக் கரி. வால்புறத்தில் எண்ணெய்க் கசிவு. ஒரு தடவைகூடப் பறக்காத விமானத்துக்கு இருபது வருஷத்து யுத்தத்தை ஒரே சாயங்காலத்தில் கொடுத்துவிட்டேன். கதாசிரியனுக்கு இதைவிடப் பழக்கமான வேலை ஏது?

"கண்ணாடிக்குக் கீழே கோடு போடுங்க மாமா. எத்தனை விமானத்தை வீழ்த்தியதோ அத்தனை கோடு" என்றான் பையன்.

இரண்டாவது உலக யுத்தத்தில் விமானிகள் இப்படித்தான், வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சின்னம் தீட்டிக்கொண்டார்கள். ஒரு விமானம் என்றால் உள்ளே ஓர் ஆள். குண்டு வீசுகிற விமானமானால் ஏழெட்டுப் பேர். எல்லோருமா பாராசூட்டில் தப்பினார்கள்?

"எத்தனை போட?"

"உங்க இஷ்டம்."

தூரிகை நின்றுவிட்டது. "வேண்டாமேடா" என்றேன்.

"அப்போ புகை மட்டும் எதுக்கு? சுடாமலா அவ்வளவு கரி படியும்?"

எனக்குப் பதில் ஓடவில்லை. அழகாக இருந்தவரையில் யுத்தம் என்னை உறுத்தவில்லை. கணக்குக் கேட்டவுடன் ஒழுக்கம் வந்துவிட்டது. என் நாவல் ஒன்றில் காலராவை வரவழைத்து ஒரு தெருவையே காலி செய்திருக்கிறேன். எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

எச். ஜி. வெல்ஸ் 1908இல் ஆகாய யுத்தத்தைப் பற்றி நாவல் எழுதியவர். அவரே 1913இல், பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, ஸ்பிரிங் வைத்த குட்டிப் பீரங்கியால் சுட்டு விளையாடுவதற்கு 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிப் புத்தகமும் எழுதினார். அசல் யுத்தத்துக்கு இந்தக் குட்டி யுத்தம் எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. மறு வருஷமே அசல் வந்துவிட்டது. இதைச் சொல்லி அவரைப் பரிகசிப்பது சுலபம். நான் அதில் சேரமாட்டேன். 1914இல் யுத்தத்தை மூட்டியவர்கள் வெல்ஸின் பொம்மைகளைப் பார்த்து மூட்டவில்லை. ஆனால் பிரஷ்யாவில் 1824 முதலே ராணுவ அதிகாரிகளுக்கு மேஜை யுத்தம் ஒரு பயிற்சியாக இருந்ததையும் மறக்க முடியவில்லை. அங்கே ஒரு கட்டை என்றால் ஒரு படைப்பிரிவு. அந்தக் கட்டைக்கு முகமும் கிடையாது, கரியும் கிடையாது. பார்க்கப்போனால், பையன் கேட்ட கோடு அதைவிட யோக்கியமானது. செத்தவர்களை அது கணக்கிலாவது வைக்கிறது.

கடைசியில் மூன்று கோடு போட்டேன். ஏன் மூன்று என்று கேட்காதீர்கள். நான்காவதற்கும் இடம் இருந்தது.

மிச்சம் இருந்தது விமானியின் கண்ணாடிக் கூண்டு. ஓர் ஓரத்தில் கருநீலம், எதிர் ஓரம் போகப்போக வெளிர்நீலம், கருநீல மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. நிஜக் கண்ணாடி தோற்றுவிடும்.

"உள்ளே ஆள் தெரியவில்லையேடா?" என்றேன்.

"அது கெட்டிப் பிளாஸ்டிக், மாமா. உள்ளே இடமே கிடையாது" என்றான், தூரிகையைக் கழுவிக்கொண்டே.