தொண்டும் ஊதியமும்

துணைச் செவிலியர் பயிற்சிக்கு இரண்டு ஆண்டுகள் செலவிட்டால், பெறும் ஊதியம் அதற்கு ஈடாகுமா என்று பெற்றோர் வினவுவது தவறன்று. பயிற்சி முடித்துப் பதிவு பெற்றவர்க்குக் கிராம சுகாதாரச் செவிலியர் பணிக்குத் தகுதி உண்டு. பதிவுக்கு உதவாத பயிற்சி வீண் செலவே. தனியார் மருத்துவமனைகளின் நிலை வேறு. உச்ச நீதிமன்றம் பணித்தபடி 2016-இல் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் செவிலியர் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றது. ஆயினும் பரிந்துரை சட்டமாகாது.

“தொண்டுக்குக் கூலி பேசலாமா?” என்பாரும் உளர். படுக்கைப் புண் வாராமல் நோயாளியைப் புரட்டிக் கிடத்துவது பயின்ற கையின் திறன். தொண்டு என்னும் சொல் செய்பவர் வாயில் பெருமை. ஊதியம் கொடுப்பவர் வாயில் சாக்கு. நம் வீட்டு முதியோரைப் பேண வருபவளிடம் பேரம் பேசிவிட்டு, நம் மகளுக்கு மட்டும் நல்லூதியம் எதிர்பார்ப்பது அறமாகுமா?